பட்டியலில் மூன்றாம் பெயர்

பட்டியல் ஒட்டுகிற வெள்ளிக்கிழமை காலையில் பெர்லிட்டா தையல் கடையைத் திறக்கவில்லை. ஆறாம் வகுப்பு நிறைவு விழாவுக்கான வெள்ளை உடைகள் பதினாலு, வெட்டியபடி தைக்காமல் கிடந்தன. கிடக்கட்டும் என்று ஏழு மணிக்கே பள்ளிக்கூடத்து அறிவிப்புப் பலகைக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள். மார்ச் மாத வெயில் அதற்குள் பின்கழுத்தைச் சுட்டது. கையில் குடை இருந்தது, விரிக்கத் தோன்றவில்லை.

எட்டரை மணிக்கு வகுப்பாசிரியை அர்செனியோ டீச்சர் தாளோடு வந்தார். அவர் நான்கு மூலையிலும் ஊசி குத்தி முடிப்பதற்குள் பெர்லிட்டா அவருடைய தோளுக்கு மேலாகவே படித்துவிட்டாள்.

முதலிடம், கிளின்ட் ஹார்வி கல்யேகோ, 96.20. இரண்டாமிடம், ரிஸ்ஸா மே சுமகைசாய், 96.05. மூன்றாமிடம், ஜோனலின் டும்டுமாயா, 95.90.

திரும்பத் திரும்பப் படித்தாள். எண்கள் மாறவில்லை. பின்னால் கூட்டம் சேர்ந்தது. யாரோ தோளைத் தட்டி வாழ்த்துச் சொன்னார்கள். நான்காம் வகுப்பு எடுக்கிற கல்யேகோ டீச்சர், கிளின்ட் ஹார்வியின் அம்மா, வெளிர் மஞ்சள் சீருடையில் மணக்க மணக்க வந்து நின்றார்.

"ரிஸ்ஸா நல்லாப் பண்ணியிருக்கா. ரெண்டாவதும் பெரிய விஷயம்தான்" என்றார்.

அந்தத் 'தான்' மீன் முள் மாதிரி பெர்லிட்டாவின் தொண்டையில் நின்றுகொண்டது. வீடு போய்ச் சேர்ந்து தண்ணீர் குடித்தும் இறங்கவில்லை.

ரிஸ்ஸா அவளுக்கு ஒரே மகள். கணவன் எல்மர் சரக்குக் கப்பலில் இருந்தான். வருஷத்தில் பத்து மாதம் கடல்தான். முதல் வகுப்பிலிருந்து ரிஸ்ஸா வாங்கிய சான்றிதழ் ஒவ்வொன்றையும் பெர்லிட்டா கண்ணாடித்தாள் உறை போட்ட தடித்த கோப்பு ஒன்றில் சேர்த்துவைத்திருந்தாள். எழுத்துக்கூட்டல் போட்டி, கவிதை ஒப்பித்தல், விடுப்பே எடுக்காததற்கு ஒன்று, நன்றாகப் பல் தேய்த்ததற்குக்கூட ஒன்று. ஆண்டு முடிவில் பிள்ளைகளுக்குப் பதக்கம் போடுகிறபோது பெற்றவர்கள் மேடையேறித் தாங்களே கழுத்தில் மாட்டிவிடுவார்கள். ஊரே பார்க்கும். ஐந்து வருஷமாக பெர்லிட்டா அந்த மேடையில் ஏறிக்கொண்டிருந்தாள். ஐந்து வருஷமும் அவளுடையதைவிடப் பெரிய பதக்கத்துக்குக் கல்யேகோ டீச்சர் ஏறிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் ரோட்டர்டாம் துறைமுகத்திலிருந்து எல்மர் கூப்பிட்டான்.

"என்ன ஆச்சு? முதலா?"

"ரெண்டாவது."

"ஓ. யாரு முதல்?"

"வேற யாரு? அந்த டீச்சர் மகன்தான். புள்ளி ஒண்ணு அஞ்சு வித்தியாசம். அந்த ஸ்கூல்லயே அவங்க வேலை பார்க்கிறாங்க. மார்க் எங்கேயிருந்து வருதுன்னு எனக்குத் தெரியாதா?"

"கேளு. நீ கேக்காம யாரு கேப்பா? இங்க எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன், என் பொண்ணு முதல்ல வருவான்னு."

ரிஸ்ஸா மேசையில் உட்கார்ந்து பூண்டுச் சோற்றை ஸ்பூனால் கிளறிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயது. கட்டைவிரல் நகத்தை இரத்தம் வருகிற அளவுக்குக் கடித்து வைத்திருந்தாள்.

"அம்மா, வேணாம்மா. எல்லாரும் சிரிப்பாங்க."

"எதுக்குச் சிரிக்கணும்? உனக்கு வர வேண்டியதைக் கேக்குறேன். நீ சாப்பிடு."

திங்கட்கிழமை மனு எழுதிக் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை தலைமையாசிரியர் பல்மாரெஸின் அறைக்குக் கூப்பிட்டார்கள். மின்விசிறி கடகடத்துக்கொண்டு சுற்றியது. அர்செனியோ டீச்சர் இருந்தார், இன்னும் இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்கள். கல்யேகோ டீச்சர் இல்லை. தன் மகனைப் பற்றிய விஷயம் என்பதால் அவரை உள்ளே விடவில்லை என்று பல்மாரெஸ் முதலிலேயே சொல்லிவிட்டார். பெர்லிட்டா எதிர்பார்த்து வந்த சண்டைக்கு அங்கே ஆளே இல்லை.

"எதையும் மறைக்கப் போறதில்லைம்மா. நீங்களே பாருங்க" என்று அர்செனியோ டீச்சர் தாள்களைப் பரப்பினார். அவர் ஜனவரியில்தான் இந்த வகுப்புக்கு வந்தவர். அதற்கு முன் இருந்த டீச்சர் அமெரிக்காவில் வேலை கிடைத்து, வருஷத்தின் நடுவில் போய்விட்டார். "பழைய டீச்சரோட நோட்டைப் பார்த்துத்தான் ஏத்தினேன். பாடத்துக்கு இவ்வளவு. இது போட்டிகளுக்கு."

பாட மதிப்பெண்களைப் பெர்லிட்டா விரல் வைத்துப் பார்த்தாள். ஒரு தப்பும் இல்லை. கணக்கில் கிளின்ட் ஒரு மதிப்பெண் கூடுதல், அறிவியலில் ரிஸ்ஸா கூடுதல். போட்டிகளின் தாளுக்கு வந்தாள். ரிஸ்ஸாவின் பெயருக்கு நேரே ஒவ்வொரு வரியும் அவளுக்கு மனப்பாடம். எழுத்துக்கூட்டல். கவிதை. அறிவியல் வினாடிவினா, மாவட்ட அளவு, மூன்றாமிடம், 0.40.

விரல் அங்கேயே நின்றது.

மாவட்ட வினாடிவினாவுக்கு ரிஸ்ஸா போகவில்லை. தேர்ந்தெடுத்தது அவளைத்தான். ஆனால் நவம்பரில் அந்த வாரம் அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து, தாடை பந்துபோல வீங்கிக் கிடந்தாள். பெர்லிட்டாதான் கைவைத்தியமாக, துணிக்குப் போடுகிற நீலத்தை வினிகரில் குழைத்து இரண்டு கன்னத்திலும் பூசிவிட்டாள். முகம் நீலமாக, கட்டிலில் படுத்துக்கொண்டு, போட்டி போய்விட்டதே என்று குழந்தை அழுததும், தானும் கூடவே அழுததும் அவளுக்கு நேற்றுப்போல இருந்தது. ரிஸ்ஸாவுக்குப் பதிலாகப் போனது ஜோனலின். வேனில் அவசரமாக ஏற்றிக்கொண்டு போனார்கள். பெயரை எழுதிவைத்த டீச்சர் அதை மாற்ற மறந்து, விமானம் ஏறிவிட்டார்.

பெர்லிட்டாவுக்குக் கணக்கு வேகமாக வரும். துணியை அளந்து அளந்து வந்த வேகம். 0.40 ஐ ரிஸ்ஸாவிடமிருந்து எடுத்தால் 95.65. ஜோனலினுக்குக் கொடுத்தால் 96.30. முதலிடம் ஜோனலின். இரண்டாவது கிளின்ட். மூன்றாவது ரிஸ்ஸா.

"என்னம்மா, ஏதாவது தப்பா இருக்கா?" என்று பல்மாரெஸ் கேட்டார்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள்.

"இல்ல சார்" என்றாள். "சரியாத்தான் இருக்கு."

"அப்போ மனுவைத் திருப்பி வாங்கிக்கிறதா ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

போட்டாள்.

அதற்குப் பிறகு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மெஷினில் உட்கார்ந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். குடித்துவிட்டு எதற்கு எழுந்தோம் என்று நின்றாள். ஒரு குழந்தையின் உடையில் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தாள். ஒரே நாளில் மூன்று ஊசி உடைந்தது. ராத்திரி நன்றாகத்தான் தூங்கினாள். விழித்திருக்கிற நேரம்தான் தாளவில்லை.

தனக்குள் வாதாடிக்கொண்டாள். நான் எழுதவில்லை அந்த எண்ணை. ரிஸ்ஸா எழுதவில்லை. தேர்வானது ரிஸ்ஸாதானே, நோய் வராவிட்டால் அவள்தானே போயிருப்பாள், போயிருந்தால் முதலிடமே வாங்கியிருப்பாள். இப்படிச் சொல்லிக்கொள்கிறபோது கொஞ்சம் சமாதானமாக இருக்கும். பிறகு, நகரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற உயர்நிலைப்பள்ளி நினைவுக்கு வரும். அங்கே முதல் இரண்டு இடம் பெற்றவர்களைக் கட்டணம் இல்லாமல் எடுத்துக்கொள்வார்கள். மூன்றாவதுக்கு ஒன்றும் கிடையாது. எல்மர் கப்பலில் இருக்கும்வரை ரிஸ்ஸா எந்தப் பள்ளியிலும் படிக்கலாம். ஜோனலின் படிக்க முடியாது. அவளுடைய அம்மா சால்விங், சந்தையில் மீனும் கருவாடும் விற்கிறவள்.

வியாழக்கிழமை ஃப்ளெக்ஸ் பேனர் வந்து இறங்கியது. எல்மர் கப்பலிலிருந்தே தன் தம்பிக்குச் சொல்லி ஏற்பாடு செய்திருந்தான். ஆள் உயரத்துக்கு மேலே ரிஸ்ஸாவின் முகம். ஓரத்தில் மாலுமித் தொப்பி போட்ட எல்மரும், எப்போதோ ஒரு கல்யாணத்தில் எடுத்த பெர்லிட்டாவும். 'இரண்டாமிடம்! பெருமையுடன், உன் பெற்றோர்.' எல்மரின் தம்பி ஏணி போட்டு வாசல் கேட்டுக்கு மேலே கட்டினான். போகிற வருகிற மோட்டார் ட்ரைசைக்கிள்காரர்கள் எல்லாம் ஹார்ன் அடித்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாமிடம் பெற்ற பிள்ளை விழாவில் வரவேற்புரை சொல்ல வேண்டும். ரிஸ்ஸா சாயங்காலம் முழுக்க நடந்துகொண்டே மனப்பாடம் செய்தாள். 'எங்கள் உழைப்பால் நாங்கள் அடைந்த இந்த' என்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் திக்கினாள்.

"அம்மா, இந்த வரி வரவே மாட்டேங்குது."

"மாத்திச் சொல்லு."

"டீச்சர் எழுதினதை மாத்தக் கூடாது."

"அப்போ திரும்பச் சொல்லு" என்று எரிந்து விழுந்தாள். ரிஸ்ஸா பயந்துபோய்ப் பார்த்தாள்.

அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு ஜோனலின் உடை போட்டுப் பார்க்க வந்தாள். அம்மா சந்தையில் இருப்பதால் தனியாக வந்திருந்தாள். ஒல்லிப் பெண், முழங்கை எலும்பு கூராகத் தெரியும். கைகளை இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு நின்றாள். பெர்லிட்டா வாயில் குண்டூசிகளோடு இடுப்பைப் பிடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள். கேட்கக் கூடாது என்றுதான் நினைத்திருந்தாள். ஊசிகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டுவிட்டாள்.

"நவம்பர்ல அந்த சயின்ஸ் போட்டிக்கு நீதானே போன?"

"ஆமாம் அத்தை. ரிஸ்ஸாவுக்கு உடம்பு சரியில்லாம போச்சே, அப்போ."

"அதுக்கு உனக்கு சர்டிஃபிகேட் குடுக்கலையா?"

"ஸ்கூல் பேருலதான் குடுத்தாங்க. ஆஃபீஸ்ல மாட்டியிருக்கு." கொஞ்சம் தயங்கினாள். "எனக்கு அந்த மார்க் சேர்க்கலை அத்தை. பட்டியல் ஒட்டின அன்னிக்கே கூட்டிப் பார்த்தேன். புள்ளி நாலு குறையுது."

பெர்லிட்டாவின் கை துணியிலேயே நின்றது. "அதைச் சேர்த்தா எவ்வளவு வரும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"அம்மாகிட்ட சொன்னேன். அம்மா வேணாம்னுட்டாங்க. நம்மளை மாதிரி ஆளுங்க கேக்கப் போனா மூணாவதும் போயிடும், பேசாம இருன்னாங்க." பிறகு, பெரியவர்களைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னாள்: "பரவால்ல அத்தை. எங்க வீட்ல இதுவரைக்கும் யாருமே மேடை ஏறினதில்ல. அம்மாவுக்கு மூணாவதே ரொம்ப சந்தோஷம். செருப்புகூட வாங்கிட்டாங்க."

சேர்க்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அது எங்கே போனது என்பது தெரியவில்லை. பெர்லிட்டா மிச்ச ஊசிகளைக் குத்தி முடித்தாள். ஒன்று குழந்தையின் விலாவில் பட்டது. ஜோனலின் 'ஸ்ஸ்' என்றாளே தவிர கையைக் கீழே இறக்கவில்லை.

அன்று சாப்பிட்டு முடித்ததும் ரிஸ்ஸாவிடம் சொன்னாள். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள், கையெழுத்துப் போட்டதையும் சேர்த்து. சொல்கிறபோது மனசின் ஒரு மூலையில், குழந்தை 'போய்ச் சொல்லிடும்மா' என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். சொன்னால் தனக்குச் சுலபமாகப் போய்விடும்.

ரிஸ்ஸாவின் முகம் வெளுத்தது.

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் உனக்கும்."

"அப்போ விட்டுடு."

"ரிஸ்ஸா…"

"விட்டுடும்மா. நானா எழுதினேன்? எல்லாரும் நான் திருடினேன்னு சொல்வாங்க. கேட்ல என் மூஞ்சி தொங்குது. அப்பா கப்பல் பூரா சொல்லிட்டாங்க." குரல் கிறீச்சிட்டது. "மூணாவதுன்னா நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா? நாலாம் வகுப்புல மூணாவது வந்தப்போ ரெண்டு நாள் எங்கிட்ட பேசலை நீ. மறந்துட்டியா?"

பெர்லிட்டா உண்மையாகவே மறந்திருந்தாள். இப்போது ஞாபகம் வந்தது. அந்த இரண்டு நாளும் குழந்தை தானே சீருடையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு போனது.

"மறக்கலை" என்று பொய் சொன்னாள். அப்புறம், "தப்புதான் அது" என்றாள்.

"நீயே போய் மனு குடுத்த. நீயே பார்த்த. நீ சும்மா வீட்ல இருந்திருந்தா ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது!" ரிஸ்ஸா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் பெர்லிட்டா பல்மாரெஸின் அறையில் நின்றாள். இந்தத் தடவை கல்யேகோ டீச்சரும் வராண்டாவிலிருந்து சத்தம் கேட்டு உள்ளே வந்துவிட்டார்.

"வருகைப் பதிவேட்டைப் பாருங்க சார். நவம்பர் மாசம். அந்த வாரம் முழுக்க என் பொண்ணு வரலை. வராதவ எப்படிப் போட்டிக்குப் போயிருப்பா? போனது ஜோனலின்."

அர்செனியோ டீச்சர் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். முகம் சிவந்துபோனது. "ஐயோ. நான் நோட்டுல இருந்ததைத்தான்…" என்று நிறுத்தினார்.

கல்யேகோ டீச்சர் தாளை வாங்கிக் கூட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஆக, உங்க பொண்ணையே கீழ தள்ளியாவது என் பையனைக் கவுக்கணும். அதானே? ஆறு வருஷமா இதுதானே உங்களுக்கு வேலை?"

ஒரு வாரத்துக்கு முன்னால் அது உண்மையாகத்தான் இருந்தது.

பல்மாரெஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, மனு குடுக்கிற நாள் முடிஞ்சுபோச்சு. நீங்களே எல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. விழா அழைப்பு அச்சடிச்சாச்சு. மேலிடத்துக்கு அனுப்பியாச்சு. இப்போ என் கையில ஒண்ணுமில்ல. மாத்தணும்னா நகரத்துல கல்வி அலுவலகத்துல சொல்லணும். அதுவும் அந்தப் பொண்ணோட அம்மா வந்து கேட்டாத்தான் எடுத்துப்பாங்க."

"கூட்டிட்டு வரேன்" என்றாள்.

சந்தையில் ஈக்களை விரட்டிக்கொண்டு சால்விங் மீன் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பெர்லிட்டாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அக்கா, வாங்க! டிரெஸ் ரெடியா?"

பெர்லிட்டா எல்லாவற்றையும் சொன்னாள், நகரத்து அலுவலகத்துக்குப் போக வேண்டியதையும். நடுவில் ஒருத்தி வந்து கெண்டைக்கு விலை கேட்டாள். அவளுக்கு எடை போட்டு, செதிள் சுரண்டி, இலையில் சுற்றிக் கொடுத்தாள். கத்தியைக் கழுவினாள்.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"செவ்வாக்கிழமை."

"இன்னிக்குத்தானே செவ்வா."

"போன செவ்வா."

சால்விங் தலையாட்டினாள், மெதுவாக, நாலைந்து முறை. "ஏழு நாள்." பிறகு கேட்டாள்: "நேத்து எம் பொண்ணு உங்க முன்னாடி கையைத் தூக்கிட்டு நின்னாளே, அளவு பார்க்க. அப்பவும் தெரியும்?"

"தெரியும்."

"உங்க வீட்டு கேட்ல பேனர் கட்டினப்போ?"

"தெரியும் சால்விங்."

திட்டுவாள் என்று பெர்லிட்டா நின்றாள். திட்டினால் தேவலை போல இருந்தது. சால்விங் பக்கத்துப் பலகைக்காரியிடம், "நாளைக்கு இதைக் கொஞ்சம் பார்த்துக்கோ, நான் வர மாட்டேன்" என்று சொன்னாள். பெர்லிட்டாவிடம், "காலையில எத்தனை மணி ஜீப்னி?" என்று மட்டும் கேட்டாள்.

நகரத்துக்குப் போகிற ஜீப்னி வண்டியில் ஒன்றரை மணி நேரப் பயணம். இருவரும் எதிரெதிரே, முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். சால்விங் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடுகிற சட்டையில் வந்திருந்தாள். கைகளை மடிக்குள் ஒளித்துவைத்திருந்தாள். வழியில் பெர்லிட்டா இரண்டு தடவை பேச வாயெடுத்தாள். இரண்டு தடவையும் சால்விங் ஜன்னலுக்கு வெளியே திரும்பிக்கொண்டாள். கல்வி அலுவலக வாசலில்தான், படிக்கட்டைப் பார்த்துத் தயங்கி நின்று, "அக்கா, நீங்களே பேசுங்க. எனக்கு இங்கிலீஷ் வராது" என்றாள்.

"தேவையில்ல. நம்ம பாஷையிலயே பேசு. நான் பக்கத்துல நிக்கிறேன்."

அலுவலர் நடுவயதுப் பெண். பதிவேட்டின் நகலையும் மதிப்பெண் தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தார். சால்விங்கைக் கேட்டுவிட்டு, பெர்லிட்டாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்க யாரு? அந்தப் பொண்ணுக்கு உறவா?"

"இல்லை. ரெண்டாவதா போட்டிருக்கே, அது என் பொண்ணு."

"திருத்தினா அவ என்ன ஆவா?"

"மூணாவது."

அந்த அம்மாள் பேனாவை வைத்துவிட்டார். "இந்த மாசம் எங்கிட்ட முப்பது பேர் வந்திருக்காங்க. வழக்கறிஞரைக் கூட்டிட்டு வந்தவங்க உண்டு. இங்கேயே மயங்கி விழுந்தவங்க உண்டு. கீழ இறக்குங்கன்னு கேக்க வந்தது நீங்க ஒருத்தர்தான்."

அது பாராட்டா கேலியா என்று தெரியவில்லை. பெர்லிட்டா தரையைப் பார்த்தாள். "முன்னாடியே வந்திருக்கணும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிக்கூடத்துக்கு உத்தரவு வந்தது. அச்சடித்த அழைப்பிதழில் மூன்று பெயர்களுக்கு மேலும் சின்னக் காகிதத் துண்டுகளை ஒட்டினார்கள். எல்மர் தொலைபேசியில் கத்தினான், ஊருக்கெல்லாம் தாராளம், சொந்தப் பிள்ளைக்குத் துரோகம் என்றான், வைத்துவிட்டான். பெர்லிட்டாவே ஏணி போட்டு ஏறிப் பேனரை அவிழ்த்தாள். அவிழ்க்கிறபோது ஹார்ன் அடிக்க ஒருவரும் இல்லை. ரிஸ்ஸா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரையை இழுத்துவிட்டாள். திங்கட்கிழமையிலிருந்து அவள் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

சனிக்கிழமை விழா. ஊர்வல இசை ஒலிபெருக்கியில் கரகரக்க, வெள்ளையுடைப் பிள்ளைகள் இரண்டிரண்டாக வந்தார்கள். பெர்லிட்டா தைத்த உடைகள் பதினாலும் அதில் இருந்தன. அவளுக்குத் தையல்கள்தான் கண்ணில் பட்டன, முகங்கள் படவில்லை. பின்வரிசைகளில் பேசிக்கொள்வது காதில் விழுந்தது. புகார் கொடுத்துத் தன் பிள்ளைக்கே குழி வெட்டிக்கொண்டாள் என்றாள் ஒருத்தி. நல்ல மனசு என்றாள் இன்னொருத்தி. ஒரு வாரம் ஒளித்துவைத்திருந்தாளாமே என்றாள் மூன்றாமவள். மூன்றும் சரியாகத்தான் இருந்தது.

முதலில் மூன்றாமிடத்தைக் கூப்பிட்டார்கள். பெர்லிட்டா மேடையேறினாள். ரிஸ்ஸா கழுத்தை விறைப்பாக நீட்டிக்கொண்டு நின்றாள். பதக்கத்தை மாட்டும்போது புகைப்படக்காரர், "சிரிங்கம்மா, சிரிம்மா" என்றார். இருவருமே சிரிக்கவில்லை. படத்தில் அப்படியேதான் விழுந்தது.

வரவேற்புரையைக் கிளின்ட் ஹார்வி காகிதத்தைப் பார்த்தே படித்தான். கல்யேகோ டீச்சர் மகனுக்குப் பதக்கம் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் இறங்கினார், கண் வீங்கியிருந்தது. கடைசியாகச் சால்விங் ஏறினாள். படியில் புதுச் செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. அதை எடுக்கக் குனிவதா போவதா என்று தெரியாமல் ஒற்றைக் காலோடு நின்றாள். கூட்டம் சிரித்தது. ஜோனலின் மேடையிலிருந்து இறங்கி வந்து செருப்பை எடுத்து அம்மாவின் காலில் மாட்டி, கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனாள். சிரிப்பு கைதட்டலாக மாறி வெகுநேரம் ஓயவில்லை.

முதலிடம் பெற்ற பிள்ளை நன்றியுரை சொல்ல வேண்டும். கிளின்ட்டுக்காக எழுதிவைத்ததில் 'ஆசிரியையான என் அன்னை' என்று நான்கு இடத்தில் வந்தது. அதனால் ஜோனலினுக்கு ஒரே ராத்திரியில் வேறு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவள் பாதிவரை படித்தாள். பிறகு தாளை மடித்துவிட்டு, "மீதி எனக்கு மனப்பாடம் ஆகலை. அவ்வளவுதான். எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

வெளியே வேப்பமரத்தடியில் ஐஸ் விற்றுக்கொண்டிருந்தார்கள். கிளின்ட் ஹார்வி இரண்டு வாங்கி ஒன்றை ரிஸ்ஸாவிடம் நீட்டியதைப் பெர்லிட்டா கொஞ்ச தூரத்திலிருந்து பார்த்தாள்.

"எங்கம்மா இனிமே உன்னோட என்னை ஒப்பிட மாட்டாங்க" என்றான் அவன். "இனிமே ஜோனலின்கூடத்தான். அவளும் நானும் ஒரே ஸ்கூலுக்குப் போறோம். செத்தேன் நான்."

ரிஸ்ஸா சிரித்துவிட்டாள். இரண்டு வாரத்தில் முதல் சிரிப்பு.

சால்விங் பெர்லிட்டாவைக் கடந்து போனாள். நின்றாள். "டிரெஸ் நல்லா இருந்துச்சு அக்கா" என்றாள். நன்றி என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பெர்லிட்டாவும் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை.

வீடு திரும்பும் ட்ரைசைக்கிளில் அம்மாவும் மகளும் ஒட்டி உட்கார வேண்டியிருந்தது. ரிஸ்ஸா பதக்கத்தைக் கழற்றி மடியில் வைத்து, அதன் பட்டை நாடாவைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக இருந்தாள். பாலம் தாண்டியதும் பேசினாள்.

"ஹைஸ்கூலுக்கு நான் நம்ம ஊர் ஸ்கூலுக்கே போறேன். நகரத்துக்குப் போகலை."

"அப்பா பணம் கட்டறேன்னாரே."

"எனக்கு வேணாம்."

"சரி."

"அங்க நீ வரக் கூடாது. லிஸ்ட் பார்க்க வரக் கூடாது. டீச்சரைப் பார்க்க வரக் கூடாது. எத்தனை மார்க்குன்னு நானா சொன்னாத்தான்."

வாய் வரைக்கும் ஏதோ வந்தது பெர்லிட்டாவுக்கு. அடக்கிக்கொண்டாள். கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. குழந்தையின் தோளில் பிரிந்திருந்த ஒரு நூலைப் பார்த்தாள், பிய்க்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள்.

"பதக்கம் போடுறப்போ?" என்று கேட்டாள்.

ரிஸ்ஸா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ட்ரைசைக்கிள் வீட்டுத் தெருவில் திரும்பியது.

"வாங்கினா சொல்றேன்" என்றாள்.